பொட்டு வைத்த துப்பாக்கி

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தாங்கள் யாராயினும், ஆவி, பேய் என்று எவரேனும் சொன்னால் எழுந்து போய்விடும் இயல்புடையவன் நான் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், போடிமெட்டுக்குக் கீழ்ச்சரிவில் இருந்த ஓர் ஏலத்தோட்டத்தில் நான் மேஸ்திரி. உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மிருகங்களை விரட்ட வானத்தை நோக்கிச் சுடுபவன் என் மனைவியின் தம்பி மாயாண்டி, இடக்கைக்காரன். சுட்டால் அன்றே பிரித்துத் துடைக்க வேண்டும். சுடாவிட்டாலும் மழைமாதங்களில் வெள்ளிதோறும் பிரிக்க வேண்டும். மூடுபனி இரும்பைத் தின்றுவிடும். இது தோட்டத்தின் விதி.

அவ்வாண்டு ஆயுத பூசை வியாழக்கிழமையில் வந்தது. தோட்டா போடும் வாயையும் திறந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் முனைகள் வெளிவரும் ஊசித்துளைகளின் மேலேயே குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் மாயாண்டி வந்து நின்றான்.

“மச்சான், வெள்ளிக்கெழமயில்ல? பிரிச்சுத் தொடைக்கலையா?”

“சாமிக்கு வச்ச பொட்டு மாப்ளே. அழிக்கக் கூடாது, அதுவா உதிரணும்.”

“ஆமா, காட்டுமாடு வந்தா பொட்டப் பாத்துக் கும்புட்டுட்டுப் போயிருமாக்கும்! துப்பாக்கிப் பெட்டிச் சாவியக் கொண்டாங்க, வெரசாத் தொடச்சுப்புடுறேன்.”

“அடுத்த வெள்ளிக்குப் பாக்கலாம், போய்ச் சோலியப் பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சாவியை நான் கொடுத்திருக்கலாம்.

செவ்வாயன்று நண்பகலில், காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களை நோக்கிக் காட்டுமாடு ஒன்று பாய்ந்தது. அன்று காலை நான் எடுத்துக் கொடுத்த துப்பாக்கியோடு மாயாண்டி குறுக்கே நின்று விசையை இழுத்தான். டிக் என்ற ஒலி மட்டுமே எழுந்தது. மறு குழலும் அப்படியே. பெண்கள் தப்பினார்கள். மாடு குத்திச் சாய்த்த அவனை ஏற்றிய ஜீப்பு போடியை அடையுமுன் உயிர் பிரிந்தது. பிறகு நான் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தேன். ஊசித்துளைகளில் சந்தனம் இறுகிக் கிடந்தது.

அதைச் சுரண்டித் துடைத்து, ஒன்றாக மாட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வெள்ளி காலையில் பெட்டியைத் திறந்தபோது, தாங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அது குழல், முன்கட்டை, பின்கட்டை என மூன்றாகப் பிரிந்து, பெட்டிக்குள் விரித்திருந்த சாக்கின் மேல் கிடந்தது. வலக்கைக்காரனான நான் வைக்கும் வரிசைக்கு நேர்மாறாக, மாயாண்டி வைக்கும் வரிசையில் கிடந்தது. சாவியோ என் இடுப்பில் இருந்தது. துக்கத்தில் நானே பிரித்து வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளியும் அவ்வாறே கிடந்தது. என் மனைவியிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டவன் மாயாண்டிதான் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்; சொன்னால் சந்தனத்தின் கதையையும் சொல்லியிருக்க வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் முழுதாக ஒப்படைத்தேன். திரும்பப் பெறச் சென்றபோது, எழுத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அண்ணே, முழுசாத்தான குடுத்தீங்க? வெள்ளிக்கெழம பீரோவத் தொறந்தா மூணாக் கெடக்கு. சாவி என்னைய விட்டு எங்கயும் போகல. பக்கத்துல இந்தத் துணி வேற.”

அவர் நீட்டிய துணியை வாங்கினேன். அதில் சந்தனம் இருந்தது. அப்போதுதான் அரைத்ததுபோல் ஈரமாக இருந்தது.

அத்துணி இன்றும் என்னிடம் உள்ளது, இன்னும் காயவில்லை. இத்தாளைத் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். தவறு மாயாண்டியுடையது அன்று என்பதற்கு வேறு எழுத்து எதுவும் இல்லை.