நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

சட்டக் கல்லூரி மாணவர் இதழில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் இதழின் ஆசிரியன், இறுதியாண்டு மாணவன். ஒவ்வொரு அடிக்குறிப்பும் காட்டும் தீர்ப்பையோ நூலையோ தேடியெடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்ட பிறகு, பட்டியலில் ‘பார்த்தேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்திடுவது அவள் வேலை. மற்றவர்கள் கணினியில் தலைப்பைப் பார்த்தே கையெழுத்தைக் கிறுக்கிவிடுவார்கள். அவளால் அது முடியாது.

இந்த முறை பேராசிரியரின் கட்டுரை. தொழிலாளர் இழப்பீடு பற்றியது, நூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்பு. இதழின் பொறுப்பாளரும் அவரே என்பதால் எல்லோரும் நைசாக நழுவினார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரணம் அவள் அக்கா. பேட்டரித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் ஈயத்தூளைச் சுவாசித்தவள். இப்போது தம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் மேசையில். நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் புகார் செய்யவில்லை என்று இழப்பீட்டு மனு தள்ளுபடியானது.

“கை நடுங்குதுன்னு உன் கைப்பட எழுதிக் குடுங்கறான். நடுங்குற கையால எப்படிடி எழுதறது?” என்று அக்கா சிரித்தாள். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

தள்ளுபடி உத்தரவு ஒரு பழைய தீர்ப்பைக் காட்டியது, பக்கம் 312. அது இருக்கும்வரை மேல்முறையீடு வீண் என்று வக்கீல் கைவிரித்தார். கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. பேராசிரியரின் நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பும் அதே தீர்ப்பு, அதே பக்கம்.

கல்லூரி நூலகத்தில் அந்தத் தொகுதியின் அட்டை இருந்தது. நடுவில் முப்பது பக்கம் இல்லை. கணினியில் நாலு வரிச் சுருக்கம் மட்டும். வேறு நூலகங்களிலிருந்து நகல் வரவழைக்கும் இரவல் பிரிவு அம்மாளிடம் விண்ணப்பம் கொடுத்தாள்.

“எங்க பதிவேட்டுல தேடினேன்மா. முப்பது வருஷமா இதை யாருமே கேக்கல” என்றார் அவர்.

“இதைக் காட்டிப் பதினெட்டுக் கட்டுரை வந்திருக்கே மேடம்!”

“அப்ப பதினெட்டுப் பேரும் ஞானக்கண்ணால படிச்சிருப்பாங்க.”

பத்தாம் நாள் ஒற்றைத் தாள் வந்தது. பக்கம் 312, கடைசி வரி: ஆறு மாதத்துக்குள் புகார் செய்யாத தொழிலாளிக்கு உரிமை இல்லை. அடிக்குறிப்பு சொன்னதேதான். பேனாவைத் திறந்தாள். ஆனால் அந்தப் பக்கம் முழுக்க முதலாளி தரப்பின் குரல்தான் கேட்டது. நீதிபதி இன்னும் வாயே திறக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு மறுபடி இரவல் பிரிவுக்கு ஓடினாள்.

“அடுத்த பக்கமும் வேணும் மேடம்.”

“எந்தப் பக்கம் போட்டிருக்கோ அதை மட்டுந்தான்மா எல்லாரும் கேப்பாங்க.”

“அதான் மேடம் பயமா இருக்கு.”

நான்கு நாளில் 313 வந்தது. முதல் வரி: இவ்வாறு முதலாளி தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். இரண்டாம் வரி: இவ்வாதத்தை இம்மன்றம் நிராகரிக்கிறது.

சுருக்கம் எழுதியவர் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்தச் சுருக்கத்தைப் படித்தவர்கள் புத்தகத்தையே திறக்கவில்லை. படித்த கூட்டம் ஒன்று, ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் நடந்து, கை நடுங்குகிறவர்களின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறது. இதற்குச் சட்டப் புலமை என்று பெயர்.

இரண்டு தாளையும் ஆசிரியன் முன் வைத்தாள். அவன் 313ஐ இரண்டு முறை படித்தான்.

“அந்த அடிக்குறிப்புல சுருக்கத் தொகுப்பையே மூலம்னு போட்டுடலாம். அதுல அப்படித்தானே இருக்கு? பொய் இல்லையே.”

“தீர்ப்பே தலைகீழா இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“சார்கிட்ட போய் நீங்க படிக்கலைன்னு யார் சொல்றது? நீ சொல்வியா?”

சொன்னாள். பேராசிரியர் இரண்டு தாளையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருஷமா நிலைச்ச கருத்தும்மா. ஒரு ஜெராக்ஸ் தாள் அதை மாத்திடாது” என்றார். கட்டுரை அச்சுக்குப் போனது. ‘பார்த்தேன்’ கட்டத்தில் ஆசிரியனே கையெழுத்திட்டான்.

313ஆம் பக்கத்தைப் பார்த்த அக்காவின் வக்கீல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடைசி நாளன்றே மேல்முறையீடு பதிவானது.

முதல் விசாரணையில் தொழிற்சாலையின் வக்கீல், இந்த மாதக் கல்லூரி இதழே தங்கள் கருத்தை உறுதிசெய்வதாகச் சொல்லிப் புத்தம்புது இதழ் ஒன்றை மேசையில் வைத்தார். பிரதியொன்று இவர்களுக்கும் வந்தது. அக்கா மடியில் வைத்துப் புரட்டினாள். தாள் படபடத்தது.

“இதுல உன் பேரு இருக்கேடி.”

இருந்தது. முன்பக்கத்தில், ‘மூலங்களைச் சரிபார்த்தோர்’ பட்டியலில், மூன்றாவதாக. பட்டியலை முதலிலேயே அச்சுக்கோத்துவிட்டார்கள். அவள் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“நான் கையெழுத்துப் போடலைக்கா.”

“எனக்குத் தெரியும். அங்க மேல உக்காந்திருக்கற ஜட்ஜுக்கு?”

அவள் வக்கீலிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு தவறு என்று கண்டு நான் கையெழுத்திட மறுத்தேன் என்று தொடங்கி, இதழின் பெயர், பேராசிரியரின் பெயர், தேதி என்று வரிசையாக எழுதினாள்.

“இதைக் குடுத்தா உன்னைப் படிக்க விடுவாங்களாடி?”

அவள் எழுதிக்கொண்டே போனாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், இப்போது நடுங்கியது அவள் கை. அக்கா தன் கையால் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தாள் இன்னும் அதிகமாக ஆடியது.