கரையை உடைத்த தலைவர்

குமுளியில் மழை விடவில்லை. தேனி பேருந்தில் உட்கார்ந்து, நாளைய ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன். வரலாற்றுப் பாடம், 1938: ஜப்பான் படையைத் தடுக்க, சீனத் தேசியவாதத் தலைவர் மஞ்சள் ஆற்றின் கரையை உடைக்க உத்தரவிடுகிறார். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று சொந்த மக்களையே எச்சரிக்கவில்லை.

பக்கத்தில் இருக்கும் எஸ்டேட் அக்காவிடம் இதைச் சொல்கிறேன்.

"அடப்பாவி! எங்களுக்கு அணை ஷட்டரத் தொறக்குமுன்ன ஜீப்புல மைக் வச்சாவது சொல்லுறாக."

அப்போதே அவருடைய கைபேசி ஒலிக்கிறது. இன்று மாலை ஷட்டர் திறக்கிறார்களாம். அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாற்றில் ஜீப் அறிவித்துக்கொண்டு போகிறதாம்.

அங்கேதான், ஆற்றோர வீட்டில், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறேன். அவருக்குக் காது கேட்காது. அக்காவிடம் சொல்கிறேன்.

"பக்கத்து வீட்டுல சொல்லுவாகம்மா. நீங்க பரிச்சைக்குப் போங்க."

சொல்வார்கள்தான். மறந்துவிட்டால்?

பேருந்து நகர்கிறது. எழுந்து, நிறுத்தச் சொல்லிக் கத்துகிறேன்.