முப்பத்தெட்டுச் சீட்டும் ஞானராஜ் அங்கிளும்

அஸ்தினாபுரம் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஞாயிறு காலை ஏழேகாலுக்கு நம் தெருவையே எழுப்பும் அந்தப் பழைய ஸ்கூட்டரின் இருமல் இனிமேல் கேட்காது. எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

அதை ஓட்டிய ஞானராஜ் அங்கிள் வியாழக்கிழமை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

நேற்று அடக்கம். எங்கள் சபை செக்ரட்டரி வந்தார்... வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் ரோஜா மாலை. மைக்கைப் பிடித்து, "உண்மைன்னா நம்ம ஞானராஜ் அண்ணன்தான்" என்று ஆரம்பித்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வாய் அதே மனிதரை என்ன சொன்னது என்று தெரியுமா உங்களுக்கு?

சபைக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சர்ச்சில் திருவிருந்து, அதாவது ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும், எடுக்கிறவர்கள் தங்கள் பெயரையும் கதவு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதை நோட்டில் ஏற்றுவது ஞானராஜ் அங்கிள் வேலை. நோட்டில் பெயர் இல்லாதவருக்குச் சபைத் தேர்தலில் ஓட்டு கிடையாது.

போன வருடம்தான் எனக்குத் திடப்படுத்தல் ஆகி, திருவிருந்து எடுக்கும் தகுதி கிடைத்தது. முதல் சீட்டிலேயே என் வேலையைக் காட்டினேன். "யூதாஸ்காரியோத்து, கதவு எண் 30" என்று எழுதிப் போட்டேன். இயேசுவைக் காட்டிக்கொடுக்க அவன் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு ஞாபகத்தில்.

அடுத்த ஞாயிறு சர்ச் கேட்டிலேயே அங்கிள் மடக்கினார். "டேய் வாலு, யூதாஸ் எந்தத் தெருடா?"

"எனக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

"மறைமலை நகர் ஃபேக்டரியில முப்பது வருஷம் பிரேக் பார்ட்ஸ்ல முடி அளவு கீறலைக் கண்டுபிடிச்சவன்டா நான். எல்லாரும் எழுத்து மேல புள்ளி வைப்பாங்க, நீ குட்டி குட்டியா வட்டம் போடுற. இந்த ஏரியாவுலயே நீ ஒருத்தன்தான்."

சிரித்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது இருமியது. அப்பாவிடம் போட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. ரெண்டு அணி, மூணு வாட்ஸப் குரூப். அப்பத்துக்கும் ரசத்துக்கும் வராதவர்கள் எல்லாம் பிரியாணிக்கு வந்தார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுச் சீட்டை அங்கிள் மேஜையில் வைத்தார். முப்பத்தெட்டு.

"அண்ணா, இதெல்லாம் பெட்டியில போட மறந்துட்டாங்க. கொஞ்சம் நோட்டுல ஏத்திடுங்க."

அங்கிள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதுல ரெண்டு பேர் துபாய்ல இருக்காங்களே தம்பி."

"எல்லா சபையிலயும் நடக்குறதுதானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நாளைக்கு உங்க பொண்ணுக்கு நம்ம ஸ்கூல்ல வேலைன்னா நான்தானே பேசணும்?"

"கர்த்தரோட பந்தியில உட்காராதவனை உட்கார்ந்தான்னு எழுதச் சொல்றியா? இந்தக் கையாலயா? முடியாதுப்பா."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

அடுத்த வாரம் சபைக் கூட்டத்தில் கதையே தலைகீழ். கள்ளச் சீட்டு பிடிபட்டதாம், பெட்டிச் சாவி அங்கிளிடம் இருப்பதால் அவரே எதிர் அணிக்காகச் செய்த வேலையாம். செக்ரட்டரி கையை நீட்டிக் கேட்டார். "நீங்க எழுதலைன்னா வேற யார் எழுதினா? சொல்லுங்கண்ணா பார்ப்போம்!"

நூற்றுக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் சாட்சி சொல்லிக் கல்யாணம் நடந்தவர்கள், அவர் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி போனவர்கள். ஒருத்தர்... ஒரே ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. ஆயர் பைபிளைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது முதுகெலும்பாக இருக்கும். கிடைக்கவில்லை.

அங்கிள் சொன்னது ஒன்றுதான். "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தப்பித்திருப்பார். சொல்லவில்லை. சாவியைப் பிடுங்கினார்கள், நோட்டைப் பிடுங்கினார்கள். அவர் பெண்ணுக்கு வேலையும் கிடைக்கவில்லை.

அவர் சர்ச் மாறவில்லை. எட்டு மாதமும் கடைசி வரிசை. திருவிருந்து எடுத்துவிட்டுத் தன் சீட்டைத் தானே எழுதி அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவருக்கு இவன் மாலை போடுகிறான்! அதனால் நேற்று, செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்த நேரம் பார்த்து மைக் பின்னைப் பிடுங்கியது அடியேன்தான். கார் டயர் ரெண்டில் காற்று இறங்கியதும் என் கைங்கரியம். இத்தனை பேரில் ஞானராஜ் அங்கிளுக்காக ஏதாவது செய்த ஒரே ஆள் நான்தான். பெருமையாகவே சொல்கிறேன்.

...

இல்லை.

இதுவரை எழுதிவிட்டு ஒரு மணி நேரமாகப் போஸ்ட் பண்ணாமல் வைத்திருக்கிறேன்.

அந்த முப்பத்தெட்டையும் எழுதியது நான். "தம்பி, சும்மா ஒரு லிஸ்ட், சீட்டுல காப்பி பண்ணிக் குடு, யூத் கேம்ப்ல நீதான் லீடர்" என்றார் செக்ரட்டரி. எனக்கு அது இன்னொரு கலாட்டா, அவ்வளவுதான். பின்னால் பிரியாணியும் சாப்பிட்டேன்.

சீட்டுக்குச் சீட்டு, எழுத்துக்கு எழுத்து, குட்டி குட்டியாக வட்டம்.

"யார் எழுதினா?" என்று கேட்டபோது அங்கிள் ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் போட்டுப் போனது செருப்பு.

போயிட்டு வாங்க அங்கிள். உங்கள் நோட்டில் ஒரே ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. யூதாஸ் வீட்டுக் கதவு எண் முப்பது இல்லை, பதினொன்று.

எங்கள் வீடு.