புல்தைலமும் ஒரு சொல்லும்

ஞாயிறு காலை எட்டே முக்கால் மணி. ஆலயத்துக்குக் கிளம்பும்போது மகள் ஜெஸ்லினைப் போனில் அழைத்தேன்.

"உள்ளங்காலுல உள்ள அந்தப் புள்ளி மாறுதா மக்கா?"

"மாறுதுப்பா. நெறமும் மாறிட்டு வருது."

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் தீனம், அதாவது நோய், மாறியது என்றால் குணமானது என்று பொருள். நிம்மதியாகப் போய் ஆராதனையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது வேறு. புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. எலுமிச்சைப்புல்லில் வடிக்கும் புல்தைலம் போன்ற தாவர எண்ணெய்கள் தோல் புற்றுச் செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளே, "செருப்பு கடிச்சதாக்கும்" என்றுதான் முதலில் சொன்னாள். தடவச் சொல்லிப் புல்தைலக் குப்பியை அவள் பையில் வைத்து அனுப்பியது நான்.

அடுத்த முறை வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். காலைப் பார்த்ததும் நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போனேன். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மாற்றம் உண்டா?" என்பதுதான். மறுவோ மச்சமோ மாறினால் அது அபாய அடையாளம் என்றார். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று). கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் நமக்கும் வரும். வீட்டில் எல்லோருடைய பாதங்களையும் திருப்பிப் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, மருத்துவமனை வராந்தாவில் மெதுவாகக் கேட்டேன்.

"உங்க லேபுல தைலம் பட்டு அந்தச் செல்லெல்லாம் செத்துதுன்னு சொன்னியே. கொஞ்ச நாள் அதைப் போட்டுப் பாத்தா என்ன?"

அவள் சிரித்தாள். "தட்டுல வளத்த செல்லுப்பா அது. சோப்புத்தண்ணி விட்டாலும் சாகும். கெட்டது மட்டும் சாகுமா, நல்லதும் சேந்து சாகுமான்னுதான் பாத்துட்டு இருக்கோம். அதுக்கே இன்னும் பதில் இல்ல."

"பின்னே எதுக்கு அந்த வேலை?"

"என்னைக்காவது ஒரு மருந்து கிடைக்கும். எனக்கு இப்போ கத்திதான் வேணும். நான் தட்டு இல்லப்பா."



புள்ளியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். இடுப்புமடிப்பில் நிணக்கணுவை (நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் சிறு முடிச்சு) சோதித்ததில் பரவவில்லை என்று தெரிந்தது.

மறுபடி நடக்கப் பழகினாள். "தொடைக்குத் தரை புதுசு இல்லியா, கூச்சப்படுது" என்பாள். ஆய்வகத்துக்கும் திரும்பிவிட்டாள். குளிக்கும்போது இப்போது என் பாதத்தையும் திருப்பிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் வருஷம் என்பதே போய்விட்டது. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைவரைதான் காலம்.

முதல் பரிசோதனைக்கு என்னை வரவிடவில்லை. "உங்க முகத்தைப் பாத்தா டாக்டருக்குப் பிரஷர் ஏறும்" என்றாள். பாறசாலை ஸ்டேஷனில் காத்திருந்தேன். ரயில் நின்றது. பாதத்தைச் சற்றுச் சரித்து வைத்து இறங்கினாள். எனக்குக் கேட்கத் தெரிந்த சொல் 'மாறுதா' ஒன்றுதான். டாக்டரிடம் அதற்கு வேறு பொருள் என்று இப்போது தெரியும்; பையை வாங்கக் கையை நீட்டினேன்.

பக்கத்தில் வந்து பையை என் கையில் தந்தாள்.

"ஒண்ணும் மாறல்லப்பா."