ஒரு வளைவில் இரண்டு கல்யாணம்

விஜயகலாவுக்கு நேர்கோடு என்றாலே ஆகாது. தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜஸீல் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்த நாள் தொட்டு அவளுக்கு ஒரே பைத்தியம், எழுத்தை வளைப்பது. வில் மாதிரி ஒரு கோடு வரைந்து, ஒரு பெயரை அடித்து, மெனுவில் ஓர் இடத்தில் அழுத்தினால் போதும். நேராகப் படுத்துக் கிடந்த பெயர் எழுந்து அந்த வில்லின் முதுகில் ஏறி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் கத்திக்கொண்டே நாற்காலியிலிருந்து குதித்துவிட்டாள். அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த சிங்களப் பெரியவர் ஒருவர், "மொகத துவே, என்ன மகளே, கரண்ட் அடிச்சதா?" என்று பதறிப்போனார்.

அவள் அப்பா மூக்கையா தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். மகள் செய்கிற வேலை என்னவென்று லயத்து வரிசை வீடுகளில் யாராவது கேட்டால் அவருக்கு வாயெல்லாம் பல். "நான் மரத்தச் சுத்திக் கோட்ட வளைக்கிறேன், எம் மவ எழுத்த வளைக்கிறா. வளைக்கிறது எங்க குடும்பத் தொழிலுங்க" என்பார்.

ஆனால் தமிழ் எழுத்து லேசில் வளைந்து கொடுக்கிற ஜாதி இல்லை. தொண்ணூற்றொன்பதில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கடையில் இருந்த தமிழ் எழுத்துருவில் 'கோ' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று விசை தட்டவேண்டும். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். நேர்கோட்டில் மூன்றும் ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நிற்கும். வளைவில் ஏற்றினால் போச்சு. கொம்பு முன்னால் ஓடும், கால் பின்தங்கும், புள்ளியோ பக்கத்து எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒவ்வொன்றையும் கம்பியூட்டர் எலியால் இழுத்து இழுத்து இடத்தில் வைக்கவேண்டும். தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு அவள் செய்த முதல் வட்ட முத்திரையில் கீழ்ப்பாதி எழுத்தெல்லாம் தலைகீழாக விழுந்துவிட்டது. சங்கத் தலைவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லம்மா, செத்தவுக படுத்துக்கிட்டே வாசிச்சுக்கலாம்" என்று சொல்லி எடுத்துப்போனார். நல்ல மனுஷன்.

அந்தக் கடைக்குத்தான் சுதாகரன் தன் த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் அடிக்க வந்தான். ஒரே ஒரு ஸ்டிக்கருக்கு எட்டுத் தடவை வந்தான். ஒரு நாள் நிறம் பிடிக்கவில்லை என்றான், ஒரு நாள் அளவு சரியில்லை என்றான், ஒரு நாள் காரணம் ஒன்றும் கிடைக்காமல் மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போனான். அவனைச் சிநேகிதர்கள் சுதா என்பார்கள். அவளைத் தோட்டம் முழுக்கக் கலா என்றே கூப்பிடும். ஒன்பதாவது தடவை அவன் கடைக்கு வரவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே லயத்துக்குப் பெண் கேட்டு வந்துவிட்டான். விஜயகலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் பேசி முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்தான் அவன் அம்மா கருப்பாயி வாயைத் திறந்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த பொம்பளை. பேச்சும் கிள்ளி எடுத்த மாதிரித்தான் இருக்கும்.

"கல்யாணத்துக்குப் பொறவு கடைக்கெல்லாம் போவக் கூடாது. பொட்டி முன்னால குந்திக்கிட்டு இருக்குறது ஒரு வேலையா? வேலன்னா கண்ணுக்குத் தெரியணும்."

விஜயகலா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். சுதாகரனும் வேண்டும், அந்தப் பெட்டியும் வேண்டும். ஒன்றுக்காக ஒன்றை விடு என்றால் எதை விடுவாள்? அப்பா கண்ணால் அடக்குவதைப் பார்த்தும் பேசிவிட்டாள்.

"கண்ணுக்குத் தெரியிற மாதிரி செஞ்சு காட்டுறேங்க அத்தே. நம்ம கல்யாண வாசலுக்கு வளைவு நானே செய்றேன். பாருங்க. ஒங்களுக்குப் புடிச்சா வேலைக்குப் போறேன். புடிக்கலைனா அன்னைக்கோட விட்டுறேன்."

"செய்யி, பாப்போம்" என்றாள் கருப்பாயி. அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்று ஆவணியில் கல்யாணம். ஜஸீல் நானா தாளையும் மையையும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஒன்ட கல்யாணம் புள்ள, எவ்வளவு வேணுமோ எடு. வளைச்சா மட்டும் போதாது, வாசிக்கவும் ஏலணும், சரியா?" என்று சொல்லிவிட்டு மாவனல்லைக்கு உம்மாவைப் பார்க்கப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பன்னிரண்டடி வளைவு. இடப்பக்கம் சுதாகரன், வலப்பக்கம் விஜயகலா, உச்சியில் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாகத் தாளில் எடுத்து, ரெஜிபோம் என்கிற லேசான வெள்ளை நுரைப் பலகையில் ஒட்டி, சூட்டுக் கம்பியால் வெட்டி, சிவப்பு மினுக்குத் தூள் தூவ வேண்டும். அதற்கு முன்னால் கணினியில் பெயர் சரியாக வளையவேண்டுமே! சுதாகரன் வளைய மறுத்தான். 'தா'வின் கால் ஒரு பக்கம் சாய, 'க' மறுபக்கம் சாய, நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஓர் இடைவெளி. 'கரன்' என்பதைக் கிட்ட இழுத்தால் 'ன்'னின் புள்ளி தாவி 'ர'வின் தலையில் உட்கார்ந்து 'சுதாகர்ன' ஆனது. புள்ளியைப் பிடித்து இறக்கினால் பழையபடி இடைவெளி. ஒரு பகல் முழுக்க இதே கூத்து.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அடடா, என்ன யோசனை! ஓட்டையை அடைக்க ஏன் மல்லுக்கட்ட வேண்டும், அதில் ஒரு ரோசாப்பூவை வைத்தால் தீர்ந்தது. வைத்தாள். ஜோராக இருந்தது. அப்படியானால் வலப்பக்கமும் ஒரு பூ வேண்டுமே, இல்லாவிட்டால் வளைவு கோணலாகத் தெரியும். விஜயகலாவையும் நடுவில் விலக்கி, 'விஜய'வுக்கும் 'கலா'வுக்கும் இடையில் இன்னொரு பூ வைத்தாள். சந்தோஷத்தில் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள். சுதாகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எழுத்தை எங்கே பார்த்தான், அவளைத்தான் பார்த்தான். "சூப்பர்" என்றான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் பெயரும் தெரியாது போலிருக்கிறது.

கல்யாணத்தன்று காலை தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் வளைவு ஏறியது. கருப்பாயி அண்ணாந்து பார்த்து, "அழகாத்தான் இருக்கு" என்றாளாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. செய்தி கேட்டுப் பெண் வீட்டில் விஜயகலா கூறைப் புடவையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். பூ வைத்துவிட்ட பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு வெள்ளையம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏண்டி கலா, ஒனக்கு மாப்புள சுதாகரன்னுதானே சொன்னீக? யாருடி அந்த விஜய? சிங்களப் பொடியனாமே?"

"எந்த விஜய?"

"வாசல்ல போட்டிருக்குதே! விஜய, பூவு, கலா. அந்தப் பக்கம் சுதா, பூவு, கரன். ரெண்டு சோடிக்குக் கல்யாணமாம். தோட்டத்து மேப்பிரிவு சனமெல்லாம் இன்னொரு பரிசு எடுத்தார வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு."

விஜயகலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெயருக்கு நடுவில் பூ வைப்பது எதற்கென்று உலகத்துக்கே தெரியும். அவளே நூறு பத்திரிகைக்கு வைத்திருக்கிறாள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இனிக் கடை ஏது, கம்பியூட்டர் ஏது? அழுகை வரும் என்று பார்த்தால் பாழாய்ப்போன சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு பந்திக்குப் பயந்து சமையல்காரர் இன்னொரு அண்டா அரிசி போட்டிருந்தார். பரிசாக வந்த சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொன்று சேர்ந்துவிட்டது. தமிழ் ஓரெழுத்தும் தெரியாத த்ரீவீலர் சங்கத்துப் பியசேன கூட எட்டி எட்டிப் பார்த்து, "கோ, அனித் மனமாலி?" என்று மற்ற மணப்பெண்ணைத் தேடினான். பூசாரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாஞ் சரி, இன்னொரு தாலி எங்கப்பா? நேரம் போவுது" என்று சத்தம் போட்டார். மணவறையில் உட்கார்ந்திருந்த சுதாகரன், "சாமி, சுதாவும் நாந்தான், கரனும் நாந்தான்" என்று கும்பிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறிவிட்டது.

சிரிக்காதவள் ஒருத்திதான். கருப்பாயி இங்கும் அங்கும் முழித்துக்கொண்டிருந்தாள். "என்னாத்துக்கு எல்லாரும் சிரிக்கிறாக?" என்று மகனைக் கேட்டாள். அவன் மழுப்பினான். புது மனைவியின் காதில், "சொல்லிராத கலா. அம்மாவுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. அழகா இருக்குன்னு சொல்லிட்டாங்க, அப்படியே விட்டுரு" என்றான்.

விட்டுவிடலாம். விட்டால் வேலை அவளுக்கு. ஆனால் வாசிக்கத் தெரியாதவளை எழுத்தாலேயே ஏமாற்றுவதா? விஜயகலா மாமியாரின் கையைப் பிடித்து வளைவுக்குக் கீழே கூட்டிப்போனாள்.

"அத்தே, நான் தப்புப் பண்ணிட்டேங்க. ஒங்க மவன் பேர நடுவுல பிரிச்சுப் பூவ வச்சுட்டேன். என் பேரையும் அப்படித்தான். அதான் ரெண்டு சோடின்னு நெனச்சு எல்லாரும் சிரிக்கிறாக."

கருப்பாயி அண்ணாந்து பார்த்தாள்.

"எது எம் மவன்?"

"இந்தப் பூவுக்கு இங்கிட்டும் அங்கிட்டும்."

"நீ?"

"அந்தப் பூவுக்கு இங்கிட்டும் அங்கிட்டும்."

"அடிப் பாவி! அப்ப பெத்த மவன நானு ரெண்டாத்தான் கட்டிக் குடுத்தேனா?" என்றவளுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, பட்டுச்சேலையோடு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது வருசம் கொழுந்து எடுத்தேன். நான் எடுத்த கொழுந்த ஒரு நாளு ஒருத்தன் நின்னு பார்த்திருப்பானா? ஒன் எழுத்தப் பார்க்கத் தோட்டமே ஓடியாந்திருக்கு."

விஜயகலாவும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுவீடு முடிஞ்சு கடைக்குப் போறப்ப, எம் பேரையும் இப்பிடி வளைச்சுக் கொண்டா" என்றாள் கருப்பாயி. "ஆனா கவனம்டி. 'கருப்பா'ன்னு ஒரு பக்கம், 'யி'ன்னு ஒரு பக்கம் பிரிச்சு, நடுவுல பூவ வச்சுத் தொலைச்சிராத."