இரண்டு வாசல் கணக்கு

எங்கள் கான்சாஸ் ஊரின் கல்லறைத் தோட்டச் சங்கத்துக்கு வெர்னா லிண்ட்க்விஸ்ட் செயலாளர் ஆனபோது வயது நாற்பத்திரண்டு. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டாள். இப்போது எழுபத்து மூன்று.

வேலை சின்னதுதான். குழி தோண்டுகிறவருக்கு இடம் காட்ட வேண்டும். சிக்கல் வாசலில் இருந்தது. 1911இல் சாலையைத் திருப்பியபோது கிழக்கு வாசலை மேற்கே மாற்றினார்கள். அதற்குமுன் கல்லறை மனைகளைக் கிழக்கிலிருந்து எண்ணுவார்கள். பிறகு சிலர் மேற்கிலிருந்து எண்ணினார்கள். பிடிவாதக்காரர்கள் பழையபடியே எண்ணினார்கள். எல்லாம் ஒரே பதிவேட்டில். எந்தக் குடும்பம் எந்தப் பக்கக் கணக்கு என்பது வெர்னாவுக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். தொலைவில் ஓரிகன் மாநிலத்தில் தங்கை அவளுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். ஜூன் பிறப்பதற்குள் வராவிட்டால் வாடகைக்கு விட்டுவிடுவாள். அதனால் மே மாதக் கூட்டத்தில் வெர்னா ஒன்பதாவது முறையாக விலகல் கடிதம் கொடுத்தாள். கூடவே, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லா மனைகளையும் குறித்து வரைந்த வரைபடம்.

"யாராவது எடுத்துக்கறீங்களா?" என்றார் தலைவர் ஆர்லன்.

பதினோரு பேரும் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கையைத் தூக்கினா சுளுக்கிக்காது," என்றாள் வெர்னா.

"நீ போயிட்டா யாரைம்மா கேக்கறது?" என்றார் ஆர்லன்.

"படத்தைக் கேளுங்க. என்னை மாதிரி எதிர்த்துப் பேசாது."

சிரித்தோம். ஆர்லன் ஓர் உறையை நீட்டினார். முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு நன்றியாக, தேவதாரு நிழலில் ஒரு மனை, இலவசம்.

"படுக்கறதுக்கும் இங்கேயேவா?" என்றாள். அதற்கும் சிரித்துக் கைதட்டினோம்.

அவள் பிடிவாதமாகக் காரில் பெட்டிகளை ஏற்றினாள். கிளம்பும் காலையில் ஊரில் ஒரு சாவு; குழி தோண்டும் டுவைட் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"படத்துல தெளிவாத்தான் இருக்குங்க. ஆனா அப்பா காலத்துல ஒரு தடவை பழைய சவப்பெட்டி மேலயே கடப்பாரை இறங்கிடுச்சு. நீங்க வந்து நின்னாத்தான் எனக்குக் கை ஓடும்."

போனாள். வரைபடம் சொன்ன அதே இடத்தில் நின்று, "இங்கதான்" என்றாள். அந்த வாரமே இன்னொரு சாவு. மறுவாரம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் படம் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவளை அழைத்தார்கள்.

ஜூன் மூன்றாம் தேதி காரிலிருந்து பெட்டிகளை இறக்க என்னைக் கூப்பிட்டாள்.

"நீயாவது கையைத் தூக்கியிருக்கலாம்டி," என்றாள், சாதாரணமாக.

கனமான பெட்டியாகப் பார்த்து நான் எடுத்துக்கொண்டேன்.