படியேறும் கத்தரிக்கோல்

"போ. வராதே" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அழிக்கும் பொத்தானை மோதிர விரலால் அழுத்துகிறார் அந்த அம்மா. நிரலில் ஒரு கொத்து வரிகள் காலி. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கையேடு எழுதும் எனக்குக் காபி புரையேறுகிறது. தினமும்தான் கேட்கிறேன், இன்னும் பழகவில்லை.

எங்களுடையது லிஃப்ட் கம்பெனி. மென்பொருள் பிரிவில் நாங்கள் எல்லோரும் எழுதிச் சம்பளம் வாங்குகிறோம். இந்த அம்மா அழித்துச் சம்பளம் வாங்குகிறார். அதனால் பெயரே கத்தரிக்கோல். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. நெற்றியில் இருப்பதை நாள் முழுக்கத் தேடுவார்.

அவருடைய ஜென்மப் பகை 'இஃப்டெஃப்'. ஒரே நிரல் பல மாடல் லிஃப்டுகளுக்கும் போவதால், 'இது இந்த மாடலாக இருந்தால் இந்த வரிகளைச் சேர், இல்லாவிட்டால் விடு' என்று நடுநடுவே எழுதி வைப்பார்கள். எங்கள் நிரலில் ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று புதர் மண்டிக் கிடந்தது. போன வருஷம் ஒரு மகானுபாவர், புது மாடலுக்குச் செய்ய வேண்டிய திருத்தத்தைப் பழைய மாடலின் வரிகளில் செய்துவிட்டார். எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு பெரியவர், கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. "ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்ட கத்தரிக்கோல், அன்று சாப்பிடவும் இல்லை. மறுநாள் வெட்டத் தொடங்கினார்.

லிஃப்டில் ஏறவே மாட்டார். ஐந்தாம் மாடிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, படியில்தான். "உடம்புக்கு நல்லதோ?" என்று கேட்டேன்.

"உடம்பாவது ஒண்ணாவது! உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத்தானே தெரியும்?"

அன்றைக்கு நானும் படியேறினேன். மறுநாள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது ஆகப் பழைய மாடல். அதற்கான நிபந்தனைகள் எல்லாக் கோப்புகளிலும் பரவிக் கிடந்தன. மேனேஜருக்கு இந்த வெட்டு வேலையே பிடிக்காது. "ஓடுறதுல எதுக்கும்மா கை வைக்கணும்? யாராச்சும் இன்னும் வெச்சிருந்தா?"

"விசாரிங்க சார். ஒரே ஒரு லிஃப்ட் இருந்தாலும் அழிச்ச கையாலயே திருப்பி எழுதித் தரேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மேனேஜர் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டார். ஒருவரிடமும் இல்லை. அன்றைய "போ. வராதே" ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கேக் வெட்டினோம்.

மறுவாரம் மெக்கானிக் லேப்டாப்போடு வந்து நின்றார். "அக்கா, நம்ம கட்டட லிஃப்டுக்குப் புது சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். இந்த மாடலே தெரியாதுங்குது."

"எந்த மாடல்?"

சொன்னார். போன வாரம் கேக் வெட்டி வழியனுப்பிய அதே ஆகப் பழைய மாடல்.

எங்கள் கட்டடத்து லிஃப்டை நாங்கள் யாருக்கும் விற்கவில்லையே, வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? தினமும் அதில் ஏறி இறங்கும் மேனேஜருக்கும் தெரியவில்லை, ஏறவே ஏறாத இவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "என்னம்மா, சொன்ன வாக்கு?"

இவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பி எழுதினால் மறுபடி அதே புதர், மறுபடி யாரோ உள்ளே மாட்டுவார்.

இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்தார். "திருப்பி எழுதறேன்னுதான் சொன்னேன் சார். அதே இடத்துல எழுதறேன்னு சொல்லலையே."

வாரம் முழுக்க உட்கார்ந்து, முன்பு அங்கங்கே சிதறிக் கிடந்த அந்த வரிகளையெல்லாம் புதிதாக ஒரே கோப்பில் சேர்த்தார். பழைய லிஃப்டுக்குப் போகும்போது மட்டும் அந்தக் கோப்பு கூடப் போகும். மற்ற கோப்புகளில் அதற்காக ஒரு நிபந்தனைகூட இல்லை.

"தனிக்குடித்தனம் வெச்சுக் குடுத்துட்டேன் சார். இனிமே யாரும் யாரு சமையக்கட்டுக்குள்ளயும் போக வேணாம்."



மெக்கானிக் அதை லிஃப்டில் ஏற்றி, வெறுமனே மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "இப்ப யார் ஏறுறது?" என்றார். மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. இவர் ஏறினார். வெட்கத்துக்குப் பயந்து நானும் ஏறினேன்.

ஐந்தாம் மாடி. கதவு கொஞ்சம் யோசித்தது. எனக்கு உயிர் போய் வந்தது. திறந்தது.

வெளியே வந்தவர் திரும்பி நின்று, கதவு மூடுவதற்குள் அதன் ஓரத்தில் லேசாகத் தட்டிக் கொடுத்தார்.

"போயிட்டு வரேன்."